அப்பாவை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்தேன்

கன்டென்ட் ரைட்டர் வேலையில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ‘நான்’ என்று எழுதினாலும், அதில் ஒன்றுகூட நாமாக இருக்காது. காலையில் நான் பல் மருத்துவர். மதியம் வீடு கட்டித் தரும் பில்டர். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். கிடைத்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மட்டுமே தெரியும். அப்படிப்பட்டவளுக்குச் சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்கும் ஆசை வந்தது.

அவசரத்துக்கு ஒரு அப்பா

அதற்குச் சில மாதங்களுக்கு முன், பை தயாரிக்கும் ஒரு கம்பெனி முதலாளிக்கு, அவர் வெப்சைட்டில் வரும் ‘எங்கள் கதை’ பக்கம் எழுதினேன். தமிழ்நாட்டிலும் விற்பதால் தமிழில் கேட்டார். “எங்கப்பாவைப் பத்தி நல்லதா ஏதாவது போடுங்க” என்றார். என்ன போடுவது என்று கேட்டேன். “பேங்க்ல இருந்தார், ரிடையர் ஆனார்” என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். வேறு வழி தெரியாமல் என் அப்பாவை எடுத்து வைத்தேன். கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு, அப்பாவுக்கு பெங்களூரில் ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி வேலை. தினமும் விடியற்காலை ரயில். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். யூனிஃபார்ம், கசங்காமல் இருக்கச் செய்தித்தாள் வைத்து மடிக்கப்பட்டு, பைக்குள் இருக்கும். ரயிலில் கூட வருபவர்களுக்கு அவர் ஏதோ ஆபீஸில் இருப்பவர். ஊர் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன். முதலாளி உடனே போன் செய்தார்.

“மேடம், எங்கப்பா இப்படி இல்ல. ஆனா இப்படி இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். போட்டுடுங்க.”

முதல் பதிவு

வலைப்பூ ஐந்து வாரம் காலியாகக் கிடந்தது. தலைப்பை நான்கு முறை மாற்றினேன். ‘நான்’ என்று ஆரம்பித்தால், அடுத்த வார்த்தைக்கு யாராவது குறிப்பு அனுப்புவார்கள் என்று கை காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் வந்தது அந்த ஒரு விஷயம்தான்: அதே பை, அதே அப்பா, இந்த முறை உண்மையான ஊர். வெளியிட்டுவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்தேன். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்து சீட் மைதிலி, பெங்களூர் மல்லேஸ்வரத்துப் பெண், போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“ஏய், இது பேக் கம்பெனி சாரோட அப்பாதானே? அவர் அப்பாவையே திருடிட்டியா நீ?”

யாருடைய அப்பா

டிபன் பாக்ஸை மூடினேன். வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட கடிதத்தை அன்றுதான் முழுதாகப் படித்தேன். கிளையன்டுக்காக எழுதியது கிளையன்டுக்கே சொந்தம். டீம் லீட் கிரணிடம் நானே போய்ச் சொன்னேன். “நோடம்மா, அவர்கிட்ட நீயே ஓகே வாங்கு. இல்லன்னா இன்னைக்கே தூக்கிடு” என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

காரிடாரில் மூன்று நடை நடந்த பிறகு முதலாளிக்கு போன் செய்து, எழுதியது என் அப்பாவை என்று ஒப்புக்கொண்டேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

“அடடா, உங்கப்பாவா அது? ரெண்டு மேடையில சொல்லிக் கைதட்டலே வாங்கிட்டேனே! உங்க ப்ளாக்லயும் இருக்கட்டும் மேடம், எனக்கும் இருக்கட்டும்.”

அப்பாவின் பதில்

கிரணும் சரி என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், பெருமையாக அப்பாவிடம் போனை நீட்டினேன். தூரப் பிடித்து, உதடு அசைய, கடைசி வரி வரை படித்தார். திரும்ப மேலே போய் ஊர் பெயர் இருந்த இடத்தில் நின்றார். “ரயில்ல என்கூட வர்றவங்களும் இதைப் படிப்பாங்களா?” என்றார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றேன். பை கம்பெனி விஷயத்தையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“அந்தாளு பேர்ல இருக்கறது இருக்கட்டும்மா. அங்க நான்தான்னு யாருக்குத் தெரியும்? உன் பேர்ல வேணாம். நாளைக்கும் அதே ரயில்லதானே போவணும் நான்?”

அன்றே பதிவை எடுத்துவிட்டேன். இங்கே ஊர், வேலை, பைக்குள் இருந்தது எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்பதால், சொந்தப் பெயரில் வெளிவரும் என் முதல் கட்டுரையிலும் அப்பா வேறு யாரோதான்.