தண்ணீர்த்தாங்கிக்குக் கீழே மூன்று பேர்

முரசுமோட்டையில் எந்தத் தேநீர்க்கடையில் போய் இருந்தாலும் யாராவது ஒருவர் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். வெள்ளத்தில் எங்களைத் தேடி வந்த பொலிஸ் ட்ரோனுக்குப் பயந்து, ஐம்பது வயதுக்காரன் ஒருவன் தண்ணீர்த்தாங்கிக்குக் கீழே புகுந்து, தொந்தி சிக்கி, கடைசியில் படகுக்காரர் இருவர் காலில் பிடித்து இழுத்தெடுத்த கதை. நான் நடித்தும் காட்டுவேன். என்ர முதுகைத் தேங்காய் திருவின மாதிரித் திருவிப்போட்டாங்கள் என்பேன். கடையே சிரிக்கும். அந்தக் கதையில் ட்ரோன் ஒரு தடவைதான் வரும்.

உண்மையில் அது இரண்டு தடவை வந்தது.

இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்ததற்கு மறுநாள் காலை. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நானும் மனைவியும் அவளின் தமையனும் சீமெந்துக் கூரையில் ஏறியிருந்தோம். குசினிக்குள் மிதந்த சோற்றுப்பானையை எடுக்க மச்சான் படியால் இறங்கினார். எங்களைப் போலவே வெள்ளத்துக்குத் தப்பிப் படியில் ஏறியிருந்த புடையன் பாம்பு அவரின் கணுக்காலில் கொத்தியது.

அவசர இலக்கத்துக்கு அழைத்தேன். பாம்பு என்றதும் பொலிஸ்காரர் அவசரமாகச் சொன்னார்: "படகெல்லாம் வெளியில போயிட்டுது. முதல்ல ட்ரோன் அனுப்புறம். சிவப்பா ஏதும் மேல கட்டுங்கோ. அது இடத்தைக் கண்டால் கிட்ட நிக்கிற படகு நேரா வரும்." அத்தோடு என் போன் செத்தது.

சிவப்பில் எங்களிடம் இருந்தது மனைவியின் கூறைச்சீலை ஒன்றுதான். காணி உறுதிப் பத்திரத்தோடு சேர்த்து ஒரு பையில் போட்டு மேலே கொண்டுவந்திருந்தாள். அதை விரித்துக் கூரை விளிம்பில் கட்டினாள். மழை தூறிக்கொண்டிருந்ததால் மச்சானைத் தாங்கிக்குக் கீழே, அதைத் தூக்கி நிறுத்தியிருந்த கற்களுக்கு நடுவில் கிடத்தினோம். அவரின் பல்லீறில் இரத்தம் கசிந்தது.

"மச்சான், வண்டு எப்ப வருமெண்டு பாத்துக்கொண்டு கிடக்கிறது இதுதான் முதல் தரம்" என்றார் என்னிடம்.

போர்க்காலத்தில் வானத்தில் இரைந்துகொண்டு வேவு பார்த்த ஆளில்லா விமானத்தை நாங்கள் வண்டு என்போம். அது சுற்றிப் பார்த்துவிட்டுப் போனால் பின்னால் பீரங்கிச் செல் வரும். இரைச்சல் கேட்டவுடன் கொடியில் காயும் உடுப்புகளை உருவி எடுக்க வேண்டும். நிறம் தெரிந்தால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

இரைச்சல் கேட்டது. அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை அது வரவேண்டுமென்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவன் நான். கேட்டதுதான் தாமதம், ஓடிப்போய்க் கூறைச்சீலையை உருவினேன். சுருட்டி வயிற்றோடு அணைத்துக்கொண்டு தாங்கிக்குக் கீழே பாய்ந்தேன். ஒரு பூசணிக்காய் அளவுகூட இல்லாத யந்திரத்துக்கு முன்னால் இந்தச் சூரனின் வீரம் அவ்வளவுதான்.

"அசையாதேங்கோ! ஒருத்தரும் அசையாதேங்கோ!"

மனைவியும் உள்ளே வந்துவிட்டாள். தமையனுக்கு மேலே குப்புறக் கவிழ்ந்து அவரை மூடிக்கொண்டாள்.

"டேய் விசரா, அது எங்களைத் தேடித்தான் வருது" என்று மச்சான் அவளுக்கு அடியிலிருந்து கையை வெளியே நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துச் சீமெந்தோடு அமத்தினேன். இழுத்தார். விடவில்லை. நஞ்சேறிக் கிடந்த மனிதனைவிட எனக்குப் பலம் கூட.

ட்ரோன் எங்கள் கூரைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போனது.

"இஞ்சருங்கோ, நாங்கள் என்ன செய்துபோட்டம்?" என்றாள் மனைவி. நாங்கள் என்றுதான் சொன்னாள்.

சீலையைத் திரும்பக் கட்ட வெளியே வரப் பார்த்தேன். இரண்டு கல்லுக்கு நடுவில் தொந்தி சிக்கிவிட்டது. அந்தப் பகுதியை நான் கடையில் சொல்வது பொய்யில்லை. அவள்தான் சீலையை இழுத்தெடுத்துக்கொண்டு வெளியே போனாள். ட்ரோன் திரும்பி வர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. இம்முறை அவள் கூரை நடுவில் நின்று, கண்களை இறுக்க மூடிக்கொண்டு, சீலையை வீசினாள். பத்து நிமிடத்தில் படகு வந்தது.

"உயிர் தப்பும். சிறுநீரகம்தான் ரெண்டும் போயிட்டுது" என்றார் ஆஸ்பத்திரியில் டொக்டர். "ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே?"

"வண்டு பிந்தித்தான் வந்தது" என்றார் மச்சான், எனக்கு முதல்.

இப்போது கிழமைக்கு இரண்டு நாள் அவரை இரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப் போகிறேன். அங்கேயும் என் கதைக்கு நல்ல பெயர். போன வெள்ளிக்கிழமை புதிதாக வந்த நேர்ஸ் பிள்ளை சிரித்து முடித்துவிட்டு மச்சானிடம் கேட்டா, "நீங்கள் அப்ப என்ன செய்தனீங்கள் ஐயா?"

"நான் மயக்கம் பிள்ளை. எனக்கொண்டும் தெரியாது."

அவா ஊசியை எடுத்தா. மச்சானின் கையை அசையாமல் பிடிக்கும்படி என்னிடம் சொன்னா. நான் மணிக்கட்டில் மெல்லத்தான் பிடித்தேன்.

மச்சான் என் பக்கம் திரும்பி, அவாவுக்குக் கேட்காமல் சொன்னார்: "வடிவா அமத்து மச்சான். உனக்குப் பழக்கம்தானே."