கப்பல் பாக்கியை எப்போது கட்டுவது? இரண்டு கிருத்திகைக்கு நடுவில் நான் பட்ட பாடு

சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் போய்த் திரும்பும் உல்லாசக் கப்பலில் நானும் என் மனைவி தனமும் செப்டம்பர் மாதம் நான்கு இரவு போய் வந்தோம். கப்பலுக்குள் என்ன சாப்பாடு, எத்தனை மாடி என்றெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய பயணம். முன்பணம் கட்டிய நாளுக்கும் மீதி கட்டிய நாளுக்கும் நடுவில் ஐம்பது நாள். ஏறக்குறைய அத்தனை நாளும் எனக்கு அந்த நினைப்புதான். டிக்கெட் போட்டுவிட்டு, பாக்கியை இப்போதே கட்டலாமா, விலை இறங்கும் வரை பொறுக்கலாமா என்று கையைப் பிசைந்துகொண்டிருப்பவர்களுக்கு இது உதவும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகன் முருகேசன் போனில் தட்டுகிறான். இந்தக் கதையில் அவனுக்கும் நஷ்டம் உண்டு. அதனால் நடுநடுவே முறைக்கிறான்.

ஏன் கப்பல் என்று கேட்பீர்கள். எங்கள் வீடு ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. அங்கே ஒரு கார் கம்பெனி யார்டில் பதினேழு வருஷம் கேட்டில் கம்பி தூக்குகிற வேலை பார்த்தேன். கார்களை அடுக்கிக்கொண்டு டிரெய்லர் வரும், கம்பியைத் தூக்குவேன், துறைமுகத்துக்குப் போகும். வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. தனம் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "உன் கேட்டாண்டயிருந்து எத்தினி காரு கப்பலேறிச்சு. காரு போவுது, நாம போவல." சண்டை போடுவது போலக்கூடச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

ஜூன் முதல் தேதி காலை ஸ்ரீபெரும்புதூர் போனேன். கூட்டு ரோட்டிலிருந்து பதினாலு கிலோமீட்டர், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கே கோயில் தெருப்பக்கம் டிக்கெட் ஏஜென்சி வைத்திருப்பவர் வரதன் சார். ஜன்னல் வைத்த அறை, இரண்டு பேருக்கு எண்பத்து நாலாயிரம். முன்பணம் இருபத்தோராயிரம், மீதி அறுபத்து மூவாயிரம். அவர் சொன்ன விதிகள் இன்றும் வரிசையாக என் காதில் இருக்கின்றன. பதினைந்து நாளுக்குள் முழுசாகக் கட்டினால் நூற்றுக்கு ஐந்து கழிவு, அதாவது நாலாயிரத்து இருநூறு மிச்சம். கட்டாமல் பொறுத்தால், நடுவில் விலை இறங்கும் அன்று மீதியைக் கட்டி அந்த விலையையே வாங்கிக்கொள்ளலாம். முழுசாகக் கட்டின பிறகு விலை இறங்கினால் நமக்கு ஒன்றும் கிடையாது. கட்டின பிறகு ரத்து செய்தால் பாதிப் பணம் போச்சு. கப்பல் கிளம்ப நாற்பத்தைந்து நாள் இருக்கும்போது பாக்கி கட்டக் கடைசி நாள். அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணி தாண்டினால் அறையும் போச்சு, முன்பணமும் போச்சு.

"கடைசி நாளைத் தேதியா சொல்லாதீங்க சார். ஏதாவது விசேஷத்தோட சேர்த்துச் சொல்லுங்க, சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றேன். நான் நாள் கணக்கு வைப்பதே அப்படித்தான். முருகேசன் பிறந்தது ஆடி அமாவாசைக்கு மறுநாள், எனக்குக் கேட்டில் வேலை கிடைத்தது பங்குனி உத்திரத்தன்று.

வரதன் சார் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் புரட்டினார். "ஆடியில கிருத்திகை வர்றது பாருங்கோ. அன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணி. தாண்டப்படாது."

கிருத்திகை என்றால் எங்களுக்கு வல்லக்கோட்டை முருகன். மாதம் தவறாமல் தனம் விரதம் இருந்து போய் வருகிறவள். மறக்க வழியே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதல் பதினைந்து நாளும் கழிவு ஆசை என்னைத் தின்றது. பணம் இருந்தது. வீட்டை ஒட்டிக் கட்டியிருக்கும் நாலு அறைகளின் வாடகை முருகேசன் கணக்கில் சேர்ந்திருந்தது. ஆனால் தனத்தின் பாஸ்போர்ட் வரவில்லை. என்னுடையது பன்னிரண்டு நாளில் வந்துவிட்டது. அவளை விசாரிக்கப் போலீஸ்காரர் வந்த இரண்டு தடவையும் அவள் மணிமங்கலத்தில் தங்கச்சி வீட்டில் இருந்தாள். பாஸ்போர்ட் இல்லாமல் முழுப் பணத்தையும் கட்டி, அது வராமலே போனால் நாற்பத்து இரண்டாயிரம் கடலில். பதினாறாம் நாள் விடிந்தபோது நாலாயிரத்து இருநூறு போய்விட்டது. அன்றைக்குச் சாம்பாரில் உப்பில்லை என்று தனத்தைத் திட்டினேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை வரதன் சாருக்குப் போன் செய்து விலை கேட்பேன். நாலாம் வாரம் எழுபத்தெட்டாயிரத்துக்கு இறங்கியது. "இன்னிக்கே கட்டினா ஆறாயிரம் லாபம் பெரியவரே, நாளைக்கு நான் பொறுப்பில்லே" என்றார். பாஸ்போர்ட் அப்போதும் வரவில்லை. மறுநாள் கேட்டால் எண்பத்தாறாயிரம்.

பாஸ்போர்ட் ஜூலை பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை வந்தது. அன்றே கட்டியிருக்க வேண்டும். முருகேசனும் கேட்டான். "இருடா, எழுபத்தெட்டு ஒரு தடவ வந்துச்சுல்ல, இன்னொரு தடவ வரும். கடைசி நாளுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்குது" என்றேன். நான் நாள் சொன்னால் நாள்காட்டி சொன்ன மாதிரி என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவன் மறுபேச்சு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முருகேசன் ஓ.டி. என்று இரண்டு மணி ஷிப்டுக்குப் போய்விட்டான். இரண்டே முக்காலுக்குத் தனம் வல்லக்கோட்டையிலிருந்து விபூதியும் பூவுமாக வந்தாள். மாதாமாதம் போகிற போக்குதானே என்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கூட்டம் பரவால்ல. இந்த வருசம் ஆடியில ரெண்டு கிருத்திகை வருது. பெரிசு மாசக் கடைசியில, காவடியெல்லாம் அன்னிக்குத்தான். அதனால இன்னிக்கு ஜனம் கம்மி" என்றாள்.

அப்போதுதான் நிமிர்ந்தேன். நான் மனசில் முடிந்து வைத்திருந்தது அந்தக் காவடிக் கிருத்திகையை. வரதன் சார் வாயிலிருந்து வந்தது 'ஆடியில கிருத்திகை' மட்டும். பெரிய கிருத்திகை என்று சேர்த்துக்கொண்டது நான். கப்பல் நாளிலிருந்து நாற்பத்தைந்தைப் பின்னால் எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். விரல் விட்டு எண்ண ஒரு நிமிஷம் ஆகுமா?

வாசலுக்கு வந்து வரதன் சாருக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்குத்தான் பெரியவரே கடைசி. ரெண்டு தரம் மெசேஜ் அனுப்பினேனே, பார்க்கலியா?"

மெசேஜ் வந்தது. போன் இரண்டு தரம் சிணுங்கியதும் தெரியும். ரீசார்ஜ் செய்யச் சொல்லித் தினமும் பத்து வருகிறதே, அதில் ஒன்று என்று விட்டுவிட்டேன். படிக்கத் தெரியாது என்று அவரிடம் சொல்ல அன்றைக்கு வெட்கம். இன்றைக்கு ஊருக்கே சொல்கிறேன்.

"பணத்தை அனுப்பிடுங்கோ, நான் ஆத்துலதான் இருக்கேன், உடனே கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன். ஆறு மணிக்கு மேல தானாவே ரத்தாயிடும். என் கையில இல்லே."

பணம் முருகேசன் போனில். முருகேசன் கம்பெனியில், மிஷின் ஓடுகிற லைனில். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் பூட்டிவிட வேண்டும். ஷிப்டு முடிய இரவு பத்தரை.

தனத்திடம் வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மணி மூன்று ஐந்து. ஷேர் ஆட்டோ கிடைக்கவே இருபது நிமிஷம். கூட்டு ரோடு வரை ஆளுக்கு இருபது ரூபாய். அங்கிருந்து கம்பெனி கேட் நாலு கிலோமீட்டர், அதற்கும் இருபதுதான், ஆனால் ஆள் சேர்ந்தால்தான் வண்டியை எடுப்பார்கள்.

"எட்டுப் பேரு வரட்டும் பெருசு. ஞாயித்துக்கெழம இன்னா அவுசரம், ஷிப்டுக்கா போற?" என்றார் டிரைவர்.

"எட்டுப் பேரு காசையும் நானே தர்றேன், எடுய்யா."

அவர் என் காலைப் பார்த்தார். "வூட்ல சண்டையா? பொம்பள செருப்பு மாட்டிகினு வந்துகீற."

குனிந்து பார்த்தால் தனத்தின் செருப்பு.

நூற்றறுபது ரூபாய் பேசி ஏறினேன். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் டிரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. மேலே எட்டுக் கார். எத்தனை வருஷம் அந்த வண்டிகளுக்குக் கம்பி தூக்கியிருப்பேன், அன்றைக்கு அது எனக்கு வழிவிடவில்லை. கேட்டில் இறங்கும்போது மணி நாலு இருபது.

இது முருகேசன் வேலை பார்க்கும் கம்பெனி, என் பழைய யார்டு இல்லை. எனக்கு அங்கே யாரையும் தெரியாது. கேட்டில் செக்யூரிட்டியாகத் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நின்றாள்.

"ஏன் தாத்தா இப்படி வேர்த்து விறுவிறுத்து வாரிய? யாருக்கும் மேலுக்கு முடியலையா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. எம் புள்ள முருகேசன வெளிய கூப்புடணும். கப்பலுக்குப் பணம் கட்டணும்."

"கப்பலுக்கா?" சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உள்ள முருகேசனே முப்பது பேரு இருப்பாவ. எம்ப்ளாயி நம்பர் இல்லாம நான் யாரைன்னு கூப்பிட?"

வேலைக்குச் சேர்ந்த வாரம் முருகேசன் யாருக்கோ போனில் தன் நம்பரைச் சொன்னான். ஒரே ஒரு தடவை. நான் அப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷம் ஆகிறது. "நாலு, ஒண்ணு, ஏழு, சைபர், ரெண்டு, ஆறு" என்றேன்.

அவள் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்கு என் நம்பரே ஓர்மை இல்ல தாத்தா. உக்காருங்க. மாத்து ஆளு வந்தாத்தான் அவரு லைனை விட்டு வர முடியும்."

மாற்று ஆள் கிடைத்து அவன் வெளியே வரும்போது மணி ஐந்து. தொப்பி, நீலக் கோட்டு, முகம் வெளுத்திருந்தது.

"நைனா, அம்மாவுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. இன்னிக்குத்தான்டா கடைசி நாளு. கிருத்திகையில தப்பு பண்ணிட்டேன்."

அவன் தொப்பியைக் கழற்றினான். "நீயா? தப்பா?" என்று கேட்டுவிட்டு லாக்கருக்கு ஓடினான். அந்த இரண்டு வார்த்தைக்குப் பதில் திட்டியிருக்கலாம்.

ஐந்து பதினெட்டுக்குப் பணத்தை அனுப்பினான். அவன் கணக்கில் அறுபத்து மூவாயிரம் குறைந்தது, வரதன் சாருக்குப் போய்ச் சேரவில்லை. மறுபடி அனுப்பினால் இரண்டு தடவை போய்விடுமோ, அனுப்பாவிட்டால் அறை போய்விடுமோ. பதினோரு நிமிஷம் அந்தச் சின்னத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்ததை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து இருபத்தொன்பதுக்குச் சேர்ந்தது. ஐந்து நாற்பத்திரண்டுக்கு வரதன் சார் போன் செய்தார். "ஏத்தியாச்சு. ரசீது அனுப்பிருக்கேன். பெரியவரே, இனிமே மெசேஜ் வேண்டாம், நானே பேசறேன்." அவருக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது.

வீட்டுக்கு வரும்போது ஏழு. தனம் விரதத்தை முடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பணம் கட்டியாச்சா?" என்றாள்.

"உனக்கு யார் சொன்னது?"

"வெத்தல வாங்க எவனும் எஞ் செருப்ப மாட்டிகினு ஓட மாட்டான்."

இப்போது கணக்கைப் பாருங்கள். முன்னாலேயே கட்டியிருந்தால் நாலாயிரத்து இருநூறு மிச்சம். எழுபத்தெட்டு அன்று துணிந்திருந்தால் ஆறாயிரம். பாஸ்போர்ட் இல்லாமல் அந்த இரண்டையும் செய்யாதது சரிதான், அதற்காக நான் வருத்தப்படவில்லை. பாஸ்போர்ட் வந்த பிறகும் இரண்டு நாள் பேராசையில் உட்கார்ந்திருந்தேனே, அதுதான் தப்பு. அதனால் ஒரு ரூபாய் மிச்சமில்லை. போன ஆட்டோவுக்கு மட்டும் நூற்றெண்பது. ஷிப்டு நடுவில் லைனை விட்டு வந்ததற்கு முருகேசனுக்கு லீவு போடாமல் வந்தால் தரும் அந்த மாதப் படி ஆயிரத்து இருநூறு பிடித்துவிட்டார்கள். இந்த வரியை மட்டும் அவனே இரண்டு தடவை தட்டினான்; எண் இரண்டு இடத்தில் தெரிந்தது. ஒன்றை அழிக்கச் சொன்னேன்.

அதனால் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டிக்கெட் போடுவதற்கு முன்பே எல்லாருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். இருந்தால் கழிவு உள்ள பதினைந்து நாளுக்குள் கட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுங்கள். பாஸ்போர்ட் வராவிட்டால் கழிவு போனாலும் பொறுங்கள், ஆனால் அது வந்த அன்றே கட்டுங்கள். பாக்கியைக் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். கடைசி நாளை அமாவாசை, கிருத்திகையோடு முடிந்து வைக்காமல் எண்ணாகவே சுவரில் கரிக்கோடு போட்டு வையுங்கள். என்னைப் போல எழுத்து தெரியாதவர்கள் அதை ஏஜெண்டிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெட்கத்தால் எனக்கு இருபத்தோராயிரம் போயிருக்கும். பணம் எவர் போனில் இருக்கிறதோ அவர் ஷிப்டு நேரத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் மூன்றாம் தேதி, சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறி, கடற்கரை ஸ்டேஷனில் இறங்கித் துறைமுகம் போய்ச் சேர்ந்தோம். கப்பலுக்குள் கால் வைக்கும் வரை எனக்கு நம்பிக்கை இல்லை. சாயங்காலம் சங்கு ஊதி, தரை மெல்ல நகர்ந்தபோது மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தூரத்தில் துறைமுக யார்டில் கார்கள் வரிசை வரிசையாக, மூக்கில் வெள்ளைத்தாள் ஒட்டி, ஏற்றுமதிக்குக் காத்திருந்தன. எங்கள் பக்கத்துக் கார்கள். பார்த்தாலே எனக்குத் தெரியும்.

தனம் வெகுநேரம் அவற்றைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அதுங்க வெயில்ல நிக்குது பாரு. நாம கெளம்பிட்டோம்."