மாஸ்கோவா, அமெரிக்காவா?

எண்பதுகளின் நடுவில், கொடைக்கானல் மலைவிளிம்பில் தொலைநோக்கி வைத்துக் காசுக்குக் காட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு என் சோடாபுட்டிக் கண்ணாடியைப் பார்த்ததும் பாசம் வந்துவிட்டது. அவருடையதும் அதே தடிமன்தான். வருகிற வெள்ளைக்காரர்களை எல்லாம் நிறுத்தி, கண்ணாடியே வேண்டாமல் செய்யும் அவர்கள் ஊர்க் கண் ஆபரேஷனைப் பற்றி விசாரிப்பது அவர் வழக்கம். மதுரையைத் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

"மாஸ்கோவுல கண்ணுல கத்திய வெச்சுக் கீறி விடுறாங்க. அமெரிக்காவுல லேசரு, கத்தியே வேணாம். ஆனா இன்னும் முயலுக்குத்தான் பண்ணிப் பாக்குறாங்களாம். முயலு என்னைக்குங்க கண்ணாடி போட்டுச்சு?"

அப்போது ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். தொலைநோக்கிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து, வைகை அணைக்கு நேராகத் தொலைநோக்கியைத் திருப்பி வைத்தார்.

"ஒண்ணுமே தெரியலைங்களே."

"பனிங்க," என்றார் அசராமல். கொடைக்கானலில் பனி என்றால் யார் மறுத்துப் பேசுவது? போய்விட்டார்கள்.

நானும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். அணையின் மதகுகூடத் துல்லியமாகத் தெரிந்தது. பழக்கதோஷத்தில் குவியத்தைத் திருகப் போன கையில் சணல் கயிறு தட்டுப்பட்டது. தன் கிட்டப்பார்வைக்குத் தோதாகத் திருகி, யாரும் அசைக்காதபடி இறுக்கிக் கட்டியிருந்தார். நல்ல கண்ணுக்கு எல்லாமே மங்கல்தான்.

"அண்ணே, கயித்த அவுத்துட்டா எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியாதுங்களே. நான் பாக்காம எப்படிக் காட்டுறது?"

"அப்ப வெரசா ஆபரேஷனப் பண்ணிக்கங்க."

"அங்கதாங்க இடிக்குது. கண்ணு சரியாயிட்டா, இதுல எனக்கும் பனிதான தெரியும்?"

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது கேலியா கவலையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கண்ணாடி கையில் இருந்தது.