விரிசலில் ஒட்டிய கண்ணாடி

என் தாய்மாமனைப் போல அரசாங்கத்தை நம்பிய ஆள் எங்கள் சுரங்க ஊரான கோரமண்டலில் வேறு யாரும் கிடையாது. தங்கச்சுரங்கத்தை மூடியபின் ஊரே பெங்களூருக்கு ரயிலேறி வாட்ச்மேன் வேலைக்கு அலைந்தது. அவர் மட்டும் அரசாங்கமே ஆரம்பித்த ஒரு பொறியியல் ஆலோசனைக் கம்பெனியில் உதவியாளாகச் சேர்ந்தார். ஒருகாலத்தில் அணைக்கும் பாலத்துக்கும் வரைபடம் போட்ட கம்பெனி. மாமா சேர்ந்தபோது டெண்டரில் கிடைத்த சில்லறை வேலைகளில் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. "கவர்மெண்ட் கம்பெனி அக்கா, மூடவே மாட்டாங்க" என்று அம்மாவிடம் பீற்றிக்கொள்வார். சுரங்கமும் கவர்மெண்ட் கம்பெனிதானே என்று அப்பா சிரிப்பார்.

சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் இனியும் தாங்குமா என்று பார்த்துச் சொல்லும் வேலை அந்தக் கம்பெனிக்குக் கிடைத்தது. பாழாய்ப்போன அந்த வேலைக்கு மாமாவே வந்தார். எங்கள் வீட்டில் அப்பாவின் கட்டிலை ஒட்டிய சுவரில் விரல் நுழையும் விரிசல். அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அன்றிலிருந்து கதவை அறையக்கூடாது, ஸ்கிப்பிங் ஆடக்கூடாது. தும்மினால்கூட அம்மா முறைப்பாள். எனக்குச் சிரிப்பு தாங்காது.

ஒரு மத்தியானம், கைவிட்ட சுரங்கத்துக்குள் எங்கோ பாறை வெடித்து வீடு குலுங்கியது. பாத்திரங்கள் உருண்டன. கண்ணாடி இரண்டாகிவிட்டது. கம்பெனி இன்ஜினியர் பார்க்க வருவதற்கு முன்னால் மாமா வந்து சேர்ந்தார்.

"உள்ளத சொல்லிடறேங்க்கா. வேற வீடு குடுப்பாங்க."

"எப்போ குடுப்பாங்க? சுரங்கத்த மூடறப்பகூடத்தான் எல்லாம் குடுக்கறேன்னாங்க. இந்தப் புள்ளைங்கள இட்டுகினு எங்கடா போவேன்? வேற கண்ணாடி ஒட்டுடா தம்பி. உன் கால்ல வுழறேன்."

மாமா வேறு கண்ணாடியை ஒட்டினார். இன்ஜினியர் வந்தார், சுவர் அசையவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். அம்மா கேசரி கிண்டினாள். நாங்கள் குதித்தோம், யாரும் தடுக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, அந்தச் சுவர் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் மேல் விழுந்தது.

பக்கத்து வீட்டில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். மாமா உள்ளே வரவில்லை. நனைந்துகொண்டு குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா கம்பெனியைச் சபித்தாள், அரசாங்கத்தைச் சபித்தாள், கடவுளையும் விடவில்லை. தன் தம்பியை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா உன்ன திட்டவே இல்ல மாமா. உள்ள வா."

நல்ல சேதி சொல்கிறோம் என்றுதான் நினைத்தேன். அதைக் கேட்டபிறகு அவர் ஏன் அப்படித் தலையில் அடித்துக்கொண்டு அழுதார் என்று எனக்கு விளங்கவே இல்லை.