கழற்றக் கூடாத சிவப்பு

“நம்ம ஊர்ல ஏது சார் பூகம்பம்?”

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நான் பணியாற்றிய ஆண்டுகளில் இந்தக் கேள்வியை எத்தனை முறை எதிர்கொண்டேன் என்று சொல்ல இயலாது. கேட்பவர் பெரும்பாலும் எங்கள் ஆலையின் மேலாளராகவே இருப்பார். என் விடையும் மாறியதில்லை: “வராது என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள். தடுப்புகளை வரைபடத்திலிருந்து நீக்கிவிடுகிறேன்.” அவர் சிரிப்பார். எழுதித் தந்ததில்லை.

எங்கள் ஆலை செய்வது, மாடிக் கட்டடங்களின் கூரைமேல் அமரும் பெரிய குளிரூட்டும் பொறிகள். ஓய்வு பெற்றபின் ஆலோசகனாகச் சேர்ந்த எனக்கு அவற்றின் குளிரோடு தொடர்பில்லை. குளிர்விப்பது பிறர் வேலை; நிற்கவைப்பது என் வேலை. சரக்கேற்றிய லாரியளவு கனமுள்ள ஒரு பொறியைக் கூரையில் வெறுமனே இறுக்கிவிட்டால் அதன் அதிர்வு கீழே உறங்குபவரின் கட்டிலை எட்டும். அதனால் பொறியைச் சுருள்வில்களின்மேல் அமர்த்துகிறோம். அதிர்வு அடங்குகிறது, ஆனால் பொறி கட்டற்றதாகிவிடுகிறது. நிலம் நடுங்கும்போது தரையில் சிறிதாக உணரப்படும் அசைவு நான்காம் மாடியின் கூரையில் பன்மடங்காகப் பெருகும். புயற்காற்றோ பக்கவாட்டில் தள்ளுவதோடு நில்லாமல் அடியில் புகுந்து தூக்கவும் பார்க்கும். வில்லின்மேல் நிற்கும் பொறி அப்போது குதித்து இறங்கிவிடக்கூடும்.

அதைத் தடுக்க ஒவ்வொரு பொறியையும் சுற்றி எட்டு எஃகுத் தடுப்புகளை வைத்தேன். உட்புறம் கனத்த ரப்பர்; பொறிக்கும் ரப்பருக்கும் கால் அங்குல இடைவெளி. நாள்தோறும் பொறி அவற்றைத் தொடாது. தொட வேண்டிய நாளில் தொட்டு நின்றுவிடும். எவரும் கைவைக்கக் கூடாத உறுப்பு என்பதால், வரைபடத்தில் என் கையாலேயே எழுதினேன்: ‘சிவப்பு வண்ணம் பூசுக.’

திருவள்ளூர் நகரின் விளிம்பில் புதிதாக எழும்பிய ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் இரண்டு பொறிகளை அனுப்பினோம். அவை அமர்ந்த கூரைக்கு நேர் கீழே பச்சிளங்குழந்தைகளின் பிரிவு. திறப்பு நாள் குறித்தாகிவிட்டது. பணி நிறைவுச் சான்றில் என் கையொப்பம் மட்டுமே எஞ்சியிருந்தது. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நான்கு மாடிகளும் ஏறினேன்.

மேலே எங்கள் பொருத்துநர் குழுவின் மேஸ்திரி நின்றிருந்தார். பழவேற்காட்டு ஏரியில் படகோட்டிய குடும்பத்தவர். கயிறும் காற்றும் அவருக்குப் பிறவிப் பழக்கம். ஐம்பதைக் கடந்தவர். என் தமிழைக் கேலி செய்வதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி.

“வா சார், வா. மூச்சு வாங்குது பாரு. நாஷ்டா துன்ட்டியா இல்லியா?”

“உண்டேன். தடுப்புகள் எங்கே?”

“இன்னாது?”

“பொறியைச் சுற்றி எட்டெட்டுத் தடுப்புகள் இருக்க வேண்டும். ஒன்றையும் காணோம்.”

அவர் முகம் மலர்ந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலிலிருந்து ஒரு கோணி மூட்டையை இழுத்து வந்து என் காலடியில் அவிழ்த்தார். “ஒண்ணு கூட மிஸ் ஆவல சார். செவப்பு அத்தினியும் கயட்டி மூட்ட கட்டிக்கினேன். எண்ணிப் பாரு, பதினாறு.”

எண்ணவில்லை. ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டேன்; அவர் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் ஆலையின் அனுப்புமுற்றத்தில் பல்லாண்டு வழக்கம் ஒன்றுண்டு. லாரியில் செல்லும்போது பொறி ஆடாதிருக்கத் தற்காலிகமாகச் சில இரும்புக் கவ்விகளை முடுக்கி, அவற்றில் சிவப்பைப் பூசுவார்கள். சிவப்பென்றால், ‘இடத்துக்குப் போனதும் கழற்று, ஆலைக்குத் திருப்பி அனுப்பு’ என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாத சுமையாளும் அறிந்த விதி. வரைபட அறையை விட்டு இறங்காத நான் மட்டும் அதுவரை அறியவில்லை. தொடாதே என்று நான் பூசிய நிறம், கழற்று என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறது.

“மேஸ்திரி, இதற்கு முன் சென்ற பொறிகளிலும் கழற்றினீர்களா?”

“அல்லாத்துலயும்தான். இத்தோட சேத்து அஞ்சு பில்டிங். நம்ம வேலைல குறை சொல்ல முடியுமா?”

அன்று பிற்பகலே ஆலைக்குத் திரும்பிக் கிடங்கின் பின்புறம் சென்றேன். துருவேறிய கவ்விகளுக்கிடையே என் தடுப்புகள் ரப்பரோடு குவிந்து கிடந்தன. ஐந்து கூரைகளில் பொறிகள் வில்லின்மேல் தனியே நின்றுகொண்டிருந்தன. ஐப்பசி பிறக்க ஒரு திங்களும் இல்லை.

மேலாளரிடம் ஒரு தடுப்பை எடுத்துச் சென்று மேசைமேல் வைத்தேன். பிழை என்னுடையது என்று முதற்சொல்லிலேயே சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

“சரி சார், ஆஸ்பத்திரில திரும்ப மாட்டிடலாம். நாளைக்கே. நீங்க சைன் பண்ணுங்க. மத்த நாலுக்கும் சர்வீஸ் போறப்ப சத்தமில்லாம மாட்டிப்போம்.”

“பராமரிப்புக்குச் செல்வது தை மாதத்தில். புயல் அதுவரை காத்திருக்குமா?”

“லெட்டர் போட்டா அஞ்சு பேரும் நம்ம தலைமேல ஏறி உக்காருவாங்க. இத்தன வருஷமா ஒண்ணும் ஆகலயே?”

“ஆன பிறகு எழுதுவது கடிதமாகாது, இரங்கற்குறிப்பாகும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீயவரல்லர், ஆலையின் பெயருக்கு அஞ்சினார். எனினும் அடுத்த சொல் கூர்மையாகவே வந்தது. “நீங்க சைன் பண்ணலன்னா வேற எஞ்சினியர் பண்ணுவாரு சார். ஆள் இல்லாம இல்ல.”

“அழையுங்கள். கிடங்கின் பின்புறத்தை நானே அவருக்குக் காட்டுகிறேன். அதன்பின்னும் அவர் ஒப்பமிட்டால் என் பேனாவையே தருகிறேன்.”

ஐந்து கூரைகளிலும் தடுப்புகள் திரும்ப ஏறும்வரை மருத்துவமனைச் சான்றில் கையொப்பமிடேன் என்று சொல்லி வெளியேறினேன். அன்று மாலையே ஐந்து உரிமையாளர்களுக்கும் கடிதம் எழுதினேன், எவருக்கும் விளங்கும் தமிழில். ‘தங்கள் கூரைமேலுள்ள பொறியில் நிலநடுக்கத்துக்கும் புயலுக்குமான தடுப்புகள் இப்போது இல்லை. அவற்றுக்குத் தவறான நிறம் குறித்தவன் நான். பொருத்துநர்மேல் குற்றமில்லை. எங்கள் ஆள்கள் வருவார்கள், கூரைக்கு வழிவிடுங்கள்.’ ஆலையின் தாளில் எழுத எனக்கு அனுமதியில்லை. என் தாளில் எழுதினேன். பொன்னேரி அஞ்சலகத்தில் ஐந்தையும் பதிவஞ்சலில் சேர்த்துவிட்டு, நகல்களை மேலாளரின் மேசையில் வைத்தேன்.

மூன்றாம் நாள் தொலைபேசிகள் ஒலித்தன. மேலாளர் என்னோடு பேசவில்லை. மேஸ்திரியை அழைத்து லாரி ஒன்றை ஒதுக்கினார். அது போதும் எனக்கு.

முதலில் மருத்துவமனை. தடுப்புகளை முடுக்கியபின் மேஸ்திரி எழுந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: “இதுக்கு இன்னா கலர் சார் அடிக்கப் போற? பச்சையா? நாளைக்கி வேற எவனாச்சும் வந்து கயட்டுவான். கலரே வாணாம். ஒரேடியா வெல்டு வெச்சிடு.”

“வில் பழுதானால் மாற்ற வேண்டும். முழுவதும் பற்றவைத்தால் தடுப்பை எடுக்க இயலாது.”

“அய்யே! முழுசா வெக்க சொன்னேனா? நட்டு மேல ஒரு சொட்டு. எடுக்கணும்னா கிரைண்டர் வோணும். கிரைண்டர் எடுக்கறவன் ஒரு வாட்டி யோசிப்பான்ல?”

ஓராண்டு கணக்கிட்டு வரைந்த நான் எண்ணாத ஒன்றை அவர் ஒரு சொட்டு நெருப்பில் சொல்லிவிட்டார். “அப்படியே செய்யுங்கள்,” என்றேன்.

“படகுல நங்கூரக் கயித்துக்கு முடிச்சு மேல முடிச்சு போடுவோம். முத முடிச்சு காத்துக்கு. ரெண்டாவது, கூட வர்ற மடையனுக்கு,” என்று சொல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியுடையவனே.

பத்து நாள்களில் பொன்னேரிப் பக்கத்து ஆரணியிலிருந்து ஆர்.கே.பேட்டை வரை ஐந்து கூரைகளும் முடிந்தன. கடைசித் துளி பற்றவைப்பைக் கண்ணால் கண்டபின்தான் சான்றில் கையொப்பமிட்டேன். மருத்துவமனை குறித்த நாளில் திறந்தது.

ஐப்பசியின் நடுவில் புயல் வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் வடகிழக்கிலிருந்து காற்று அடித்தது. தொழிற்பேட்டையில் தகரக் கூரைகள் பறந்தன. மணவாள நகரில் என் வீட்டுத் தெருவில் மின்கம்பம் சாய்ந்தது. மழை நின்ற காலையில் மேலாளர் என்னை அழைத்தார். குரலில் வெற்றி இருந்தது.

“அஞ்சு எடத்துலயும் விசாரிச்சிட்டேன் சார். ஒண்ணுமே ஆகல. வீணா எல்லாரையும் பயமுறுத்திட்டீங்க.”

நான் மருத்துவமனைக்குச் சென்றேன். மேஸ்திரி எனக்கு முன்பே கூரையில் குந்தியிருந்தார். பொறியின் தென்மேற்கு மூலையை விரலால் காட்டினார். “இங்க பாரு சார். நல்லா மோதிக்கினு நின்னுகீது.”

தடுப்பின் ரப்பர் ஒரு புறம் நசுங்கிப் பிளந்திருந்தது. எதிரே பொறியின் எஃகுச் சட்டத்தில் கரிய தேய்ப்புத் தடம், உள்ளங்கை அகலத்துக்கு. அதன் அடியில், கூரைக்குக் கீழே, ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது; பசியழுகைதான்.

மேஸ்திரி கிரைண்டரால் நட்டை விடுவித்து, பிளந்த ரப்பரைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, மீண்டும் ஒரு சொட்டு வைத்தார். பழையதைக் காகிதத்தில் சுற்றி மேலாளரின் மேசையில் வைத்தேன். அவர் நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பின்னர் திருத்திய வரைபடத்தை எடுத்து நீட்டினேன். சிவப்பு நீங்கி, நட்டின்மேல் ஒரு துளிப் பற்றவைப்பு ஏறியிருந்தது. மூலையில், ‘திருத்தத்தின் காரணம்’ என்ற சிறு கட்டம் நிரப்பப்படாமல் இருந்தது.

“அதுல ‘மேம்பாடு’ன்னு போட்டுடுங்க சார்,” என்றார், இம்முறை மெல்லிய குரலில். “நாளைக்கி ஆடிட்டுக்கு வர்றவங்க படிப்பாங்க. உங்களோட அடுத்த வருஷ ஒப்பந்தத்துக்கு நானும் மேலிடத்துல பேசணும் இல்லியா?”

“படிக்கட்டும். அதற்காகத்தான் கட்டம் இருக்கிறது.”

அவருடைய மேசைமேலிருந்த பேனாவையே எடுத்து, ‘வடிவமைப்பாளரின் பிழை’ என்று எழுதி, அதன்கீழ் என் பெயரை முழுமையாக இட்டேன். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் வரவில்லை. அந்த வரைபடம் இன்னும் ஆலையில் நடப்பில் இருக்கிறது.