கோலம் போடாத வாசல்

என் அண்ணா டைபாய்டில் போனபோது அவனுக்குப் பதினெட்டு முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அப்பா அவன் பேரில், அவன் படித்த மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்திலேயே ஓர் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தினார். பள்ளியில் முதலாவதாகத் தேறிக் காலேஜுக்குப் போகிற பையனுக்கு அது. நிபந்தனை ஒன்றே ஒன்று: அண்ணாவின் இங்கிலீஷ் பிறந்தநாளன்று பையன் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் கையால் அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த நிபந்தனை அம்மாவுக்காக வைத்தது. அந்த ஒரு நாளுக்காக அம்மா வருஷம் பூராவும் காத்திருப்பாள். வருகிற பையனை உட்காரவைத்து, அப்பமாகப் போட்டுத் திணறடிப்பாள். "உனக்குக் கணக்குப் பிடிக்குமோ? ராத்திரி முழிச்சுப் படிப்பியோ?" என்று கேட்பாள். பையன்கள் நெளிவார்கள். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அம்மா வாய்விட்டுச் சிரிப்பது அன்றைக்கு மட்டும்தான் என்பதால் நாங்கள் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அந்த உபகாரச் சம்பளம் என் வகுப்புக்கு வந்தது. வாங்கப்போகிறவன் என்னோடு படித்தவன், ராயப்பேட்டையில் டிரங்குப் பெட்டி செய்து விற்கும் ஒரு பாயின் மகன். நான் அவனுக்கு வெகு தூரம் பின்னால் இருந்தேன். சாப்பாட்டு வேளைகளில் அப்பா இதை எனக்கு ஞாபகப்படுத்தத் தவறுவதில்லை.

எங்கள் வீட்டில் காலண்டர் கூடத்தில் தொங்கும், பஞ்சாங்கம் பூஜை அலமாரியில் இருக்கும். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அந்த வருஷம் அண்ணாவின் திதி அவன் பிறந்தநாளன்றே வருகிறது என்று சாஸ்திரிகள் வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"அந்தப் பையனுக்கு ஆள் விட்டுச் சொல்லிடலாமே" என்றாள் அம்மா.

"என்னத்துக்கு? வாசல்ல கோலம் இல்லேன்னா தெரியாதா? பார்த்துட்டு மறுநாள் வருவான்" என்றார் அப்பா.

எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். தெவசத்தன்று வாசலில் கோலம் போடமாட்டார்கள். வெறும் வாசலைப் பார்த்ததும் கறிகாய்க்காரி கூவாமல் தாண்டிப் போவாள். தபால்காரர்கூடப் படி ஏறமாட்டார். கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீலைத் திணறடிக்கிற அப்பாவுக்கு, அந்த வெறும் வாசலைப் படிக்கத் தெரியாத மனிதர்களும் மதராஸில் இருப்பார்கள் என்று தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றியதா என்ன?

தம்பி என்பதால் திதி கொடுக்கிறவன் நான்தான். ஈர வேஷ்டியும் விரலில் தர்ப்பை மோதிரமுமாகக் கூடத்தில் ஹோமத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. உலகத்திலேயே பெரிய தியாகி நான்தான் என்று என்மேல் எனக்கு இரக்கம் பொங்கிக்கொண்டிருந்தது.

புகை போவதற்காகத் தெருக்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் இருந்த இடத்திலிருந்து ரேழி வழியாகப் பார்த்தால் வாசல் நேராகத் தெரியும். அங்கே அவன் வந்து நின்றான். இஸ்திரி போட்ட சட்டை, தொப்பி. பக்கத்தில் அவன் அப்பா, கையில் ஒரு துணி முடிச்சு.

அத்தை ரேழியிலேயே நின்றுகொண்டு, "இன்னிக்கு உள்ள வரப்படாது. நாளைக்கு வாங்கோ" என்றாள்.

"இஸ்கூல்ல இன்னிக்கித்தான் வரச் சொன்னாங்கோம்மா" என்றார் பாய்.

"அதான் நாளைக்குன்னு சொல்றேனே!"

காரணத்தை அத்தை சொல்லவில்லை. வாசலே சொல்லும்போது வாயால் வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்திருப்பாள். அவன் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தான். திறந்த மார்போடும் பூணூலோடும் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான். உள்ளே வரக்கூடாது என்றால் அவன் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வான் என்பது எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. மறுநாள் காலைக்குள் சம்பளம் கட்டாவிட்டால் காலேஜில் அவன் பெயரை அடித்துவிடுவார்கள். காலேஜுக்குப் போகிற டிராமில் என்னிடம் அவனே சொல்லியிருந்தான்.

"அப்பா, அவன்..." என்று ஆரம்பித்தேன்.

"மந்திரத்துக்கு நடுவுல பேசப்படாது" என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமலே.

அவர்கள் போகவில்லை. எதிர்வீட்டு ஓரத்துப் பூவரச மரத்தடியில் போய் நின்றார்கள். வெயில் ஏற ஏற மரத்தின் நிழல் சுருங்கியது, அவர்கள் மரத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். உள்ளே இலை போட்டாயிற்று. பிராமணார்த்தம் சாப்பிட வந்தவர்கள் நிதானமாகச் சாப்பிட்டார்கள். ஒருவர் எள்ளுருண்டை இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார். சாதாரணமாக எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

அவர்களெல்லாம் கிளம்பிப் போன பிறகுதான் அத்தை அடுப்பங்கரையில் அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "அந்த ஸ்காலர்ஷிப் பையன் அவன் அப்பாவோட வந்தான். நாளைக்கு வரச் சொன்னேன்."

"போயிட்டானா?"

"எதிர்த்தாப்ல நின்னுண்டிருக்கான்" என்றேன் நான்.

அம்மா என்னைப் பார்த்தாள். "காலம்பரலேர்ந்தா?"

நான் தலையை ஆட்டினேன். அம்மா அலமாரியைத் திறந்து பணம் வைத்திருந்த கவரை எடுத்துக்கொண்டு, ஈரம் காயாத மடிசாரோடு தெருவுக்கு நடந்தாள். "இன்னும் நீ சாப்பிடக்கூட இல்லையே" என்று அப்பா பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றுவிட்டார். நானும் அவர் பின்னால் போய் நின்றேன்.

"கோச்சுக்காதேடா கொழந்தே" என்று அம்மா கவரை அவன் கையில் வைத்தாள். "இன்னிக்கு அவனுக்குத் தெவசம். உங்கிட்ட யாருமே சொல்லலியா?"

பாய் பதறிப்போனார். "அடடா! தெரிஞ்சிருந்தா நாங்க அப்பால வந்திருப்போமேம்மா. எங்களாண்ட பொறந்த நாளுன்னுதான் சொன்னாங்கோ."

"மோராவது குடிச்சுட்டுப் போங்கோ. வெயில்ல நின்னிருக்கேளே."

"நோம்பும்மா. பொழுது சாஞ்சாத்தான்."

ரம்ஜான் மாதம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தினமும் டிராமில் கூட வருகிறவன். விடியுமுன் சாப்பிட்டதோடு சரி, அவர்கள் பல்லிலும் பச்சைத் தண்ணீர் படவில்லை. அதுவும் வெயிலில் நின்றுகொண்டு. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

பாய் தயங்கித் தயங்கித் துணி முடிச்சை நீட்டினார். "பொறந்த நாளாச்சே, வெறுங்கையோட வரக்கூடாதுன்னு..." உள்ளே பேரீச்சம்பழம்.

தெவசத்தன்று வீட்டுச் சமையலைச் சாப்பிடுமுன் வேறெதுவும் வாயில் படக்கூடாது. அம்மா அதில் மகா கண்டிப்பு. அந்த அம்மா நடுத்தெருவில் முடிச்சை அவிழ்த்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். உள்ளிருந்து அத்தை "ஐயையோ" என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்காத்துப் பிள்ளையைவிட நீ உசரம்" என்றாள் அம்மா அவனிடம். அவன் சிரித்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் அவன் சம்பளம் கட்டிவிட்டான். டிராமில் வழக்கம்போலப் பேசினான், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அப்பாதான் ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில், இனிமேல் ஆண்டு விழாவில் ஹெட்மாஸ்டர் கையாலேயே கொடுத்துவிடுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தார். "இனிமே யாருக்கும் சங்கடம் வேண்டாம்" என்று அம்மாவிடம் சொன்னார். வெட்கப்பட்டது அவரும் நானும். கையைவிட்டுப் போனது அம்மாவின் நாள்.

அடுத்த வருஷம் அண்ணாவின் பிறந்தநாள் தனியாக வந்தது. அம்மா இருட்டோடு எழுந்து, தெருவில் பாதியை அடைத்துக் கோலம் போட்டாள். அப்பம் வார்த்தாள். தெருக்கதவைச் சாத்தவிடவில்லை. சைக்கிள்களும் மாடுகளும் மிதித்துச் சாயந்தரத்துக்குள் கோலம் பாதி அழிந்துபோயிருந்தது.

"யாராவது வந்தாளா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

அப்பா பேப்பரைத் திருப்பினார். இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.