வாயை மூடாத g

பற்பசைப் பெட்டியை மூக்கோடு ஒட்டிவைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார் 'லென்ஸ்' என்று பட்டப்பெயர் வாங்கிய மனிதர். விலையைப் பார்க்கவில்லை, தேதியையும் பார்க்கவில்லை.

"அண்ணே, அது பல்லு தேய்க்கத்தான். பரீட்சைக்கு இல்ல," என்கிறார் கடைக்கார அம்மாள்.

அட்டைப்பெட்டி அச்சகத்தில் பெட்டிகளுக்கு எழுத்து அமைப்பது லென்ஸின் உத்தியோகம். நுனியில் குட்டிப் பாதம் வைத்த ஆங்கில எழுத்துருக்களில் இரண்டு, நம் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். அவருக்கோ ஒன்று பங்காளி, மற்றது சம்பந்தி. g-யைப் பார்த்தால் போதுமாம். மேலே ஒரு வயிறு, கீழே ஒரு வளையம். ஒன்றில் வளையம் முழுதாக மூடியிருக்கும்; மற்றதில் கொஞ்சம் திறந்திருக்கும். இந்த ஞானத்தால் உலகுக்கு இதுவரை தீங்கேதும் நேரவில்லை.

லென்ஸ் வைப்பது எப்போதும் மூடிய g. பக்கத்து மேசையில் எழுத்து அமைத்த அம்மணிக்குத் திறந்ததுதான் பிடிக்கும். "உங்க g உங்கள மாதிரியே சார். வாயத் தொறக்கவே தொறக்காது," என்பார் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே. அவரும் தனிக்கட்டை, இவரும் தனிக்கட்டை. பேச வேண்டிய நேரம் பார்த்து இவருக்கு இருமல் வரும். அம்மணி வேறு அச்சகத்துக்குக் கிளம்பிய அன்று, அலுவலகமே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க, லென்ஸ் எழுந்து நின்று நன்றாக இருமினார். உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து கடை கடையாக g தேடுகிறார். பெட்டியின் அடி மடிப்பில் அம்மணி போன அச்சகத்தின் பெயரும், எழுத்தில் திறந்த வளையமும் இருந்துவிட்டால் முகம் மலரும். "அவங்க வேலை. நல்லா இருக்காங்க."

இப்போது இருமல் மருந்துப் பெட்டியை எடுக்கிறார். அடி மடிப்பில் அதே அச்சகம். எல்லா g-யும் திறந்திருக்கின்றன. யாரும் படிக்காத பொடி எழுத்தில் ஒன்று மட்டும் மூடியிருக்கிறது. எழுத்துருவைக் கலப்பது அந்தத் தொழிலில் மகாபாதகம்.

"அச்சு தப்பாண்ணே? வேற தரவா?"

"அவங்களுக்குத் தப்பே வராதும்மா." காசை எடுத்து வைக்கிறார். "இது என்னோடது."

லென்ஸின் அச்சகத்தில் பிஸ்கட் பெட்டியின் கடைசிச் சரிபார்ப்புப் படி அவர் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. மயிரிழை பிசகினாலும் திருப்பியனுப்பும் அந்த மனிதர், மூடிய g-க்களின் கூட்டத்தில் ஒன்றே ஒன்றைத் திறந்துவிடுகிறார். பிறகு, இருமாமல், 'அச்சுக்குப் போகலாம்' என்று எழுதிக் கையெழுத்திடுகிறார்.